ஜெயிக்க வைப்பதே வேலை: போர்ச்சுகல் சைக்கிள் வீரர் செர்ஜியோ பவுலின்யோவின் கெரியர் சொல்வது என்ன?

ஒரு விளையாட்டு வீரரின் கெரியரை எக்ஸெல் ஷீட்டில் போட்டுப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நம்புகிறவர்களில் நானும் ஒருவன். கிரிக்கெட்டில் இது ஓரளவுக்கு ஒத்து வரும். ரன், விக்கெட், சராசரி, ஸ்ட்ரைக் ரேட் என்று நான்கைந்து காலம் போட்டாலே ஆள் யாரென்று பிடிபட்டுவிடும்.

ஆனால் ரோடு சைக்கிள் பந்தயத்தில் அந்த ஷீட் நம்மை நன்றாகவே ஏமாற்றும். அதற்கு நல்ல உதாரணம், ஓய்வு பெற்ற போர்ச்சுகல் வீரர் செர்ஜியோ பவுலின்யோ.

இவர் பெயருக்கு எதிரே இருக்கும் பெரிய ரிசல்ட்கள் மூன்றுதான்: ஒரு ஒலிம்பிக் வெள்ளி, வுவெல்டா பந்தயத்தில் ஒரு ஸ்டேஜ் வெற்றி, டூர் டி பிரான்ஸில் ஒரு ஸ்டேஜ் வெற்றி. இந்த மூன்றை வைத்துக்கொண்டு 2005 முதல் 2016 வரை, தொடர்ந்து 12 சீசன்கள், உலகின் உச்ச நிலை அணிகளில் அவருக்கு வேலை இருந்தது. அதுவும் ஆல்பர்ட்டோ கான்டடோர், லான்ஸ் ஆம்ஸ்ட்ராங், அலெக்சாண்டர் வினோகுரோவ் போன்ற பெரிய தலைகளின் அணிகளில்.

அவ்வளவாக ஜெயிக்காத ஒருவருக்கு ஏன் 12 வருடம் சம்பளம் கொடுத்தார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால், ரோடு சைக்கிள் பந்தயம் எப்படி இயங்குகிறது என்பதே புரிந்துவிடும்.

ஒரு பார்வையில்

பிறப்பு: 1980 மார்ச் 26, ஒய்ராஸ், போர்ச்சுகல்
வேலை: டொமெஸ்டீக், அதாவது கேப்டனுக்காக ஓட்டும் உதவி வீரர்
2004: ஏதென்ஸ் ஒலிம்பிக், ஆண்கள் ரோடு ரேஸில் வெள்ளி
2006: வுவெல்டா 10வது ஸ்டேஜ் வெற்றி
2010: டூர் டி பிரான்ஸ் 10வது ஸ்டேஜ் வெற்றி
முக்கிய அணிகள்: லிபர்ட்டி செகுரோஸ், அஸ்தானா, ரேடியோஷாக், சாக்ஸோ பேங்க் (பின்னர் டின்காஃப்)

ஏதென்ஸில் என்ன நடந்தது?

2004 ஆகஸ்ட் 14. ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் துப்பாக்கி சுடுதலில் நமக்கு வெள்ளி வாங்கித் தந்தாரே, அதே ஏதென்ஸ் ஒலிம்பிக். நகரின் நடுவே, அக்ரோபோலிஸ் குன்றைச் சுற்றி 13.2 கிலோமீட்டர் பாதை. அதை 17 முறை சுற்ற வேண்டும். மொத்தம் 224.4 கிலோமீட்டர், கொளுத்தும் வெயிலில்.

கடைசிச் சுற்றுகளில் இத்தாலியின் பாவ்லோ பெட்டினி கூட்டத்தை விட்டுப் பிய்த்துக்கொண்டு கிளம்பினார். அப்போது ஒருநாள் பந்தயங்களில் உலகிலேயே மிகவும் அஞ்சப்பட்ட வீரர் அவர். அவர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனது ஒரே ஒருவர்: 24 வயது பவுலின்யோ. அந்த நேரத்தில் போர்ச்சுகலின் உள்நாட்டு அணி ஒன்றில் ஓட்டிக்கொண்டிருந்தவர். வெளிநாட்டு ரசிகர்களில் பலருக்கு அவர் பெயரே அன்றுதான் தெரிந்தது.

கடைசி சில நூறு மீட்டரில் பெட்டினியின் வேகத்துக்கு அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை. பெட்டினிக்குத் தங்கம், ஒரு விநாடி பின்னால் பவுலின்யோவுக்கு வெள்ளி. சைக்கிள் ஜாம்பவான் எடி மெர்க்ஸின் மகன் ஆக்ஸல் மெர்க்ஸுக்கு வெண்கலம்.

ஏதென்ஸில் போர்ச்சுகல் வாங்கியது மொத்தம் 3 பதக்கங்கள். முதலில் வந்தது பவுலின்யோவின் வெள்ளிதான். சைக்கிளில் அந்த நாட்டுக்கு அடுத்த ஒலிம்பிக் பதக்கம் கிடைக்க 20 வருடம் ஆனது. 2024 பாரிஸில் இயூரி லெய்ட்டாவ் ஆம்னியம் போட்டியில் வெள்ளியும், ருய் ஒலிவேராவுடன் சேர்ந்து மேடிசன் போட்டியில் தங்கமும் வென்றார். இரண்டும் உள்ளரங்க டிராக் போட்டிகள்.

இப்படி ஒரு ரிசல்ட் வந்தால் என்ன நடக்கும் என்று நாம் எதிர்பார்ப்போம்? பெரிய அணி கூப்பிடும், கேப்டன் ஆக்கும், ஸ்டார் ஆவார். முதல் பாதி நடந்தது. 2005இல் ஸ்பெயினின் லிபர்ட்டி செகுரோஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. ஆனால் எடுத்தது கேப்டனாக இல்லை, டொமெஸ்டீக்காக.

டொமெஸ்டீக் என்றால் யார்?

பிரெஞ்சு மொழியில் அந்தச் சொல்லுக்கு 'வீட்டு வேலைக்காரர்' என்று பொருள். சைக்கிளுக்கு அது வந்ததே ஒரு வசவாகத்தான். 1911 டூர் டி பிரான்ஸில் மாரிஸ் ப்ரோக்கோ என்ற வீரர், தனக்கு வெல்லும் வாய்ப்பு போய்விட்டதால் மற்றவர்களுக்குத் துணையாக ஓட்டத் தயாரானார். கடுப்பான போட்டி நிறுவனர் ஆன்ரி தெக்ராஞ்ஜ் அவரை 'டொமெஸ்டீக்' என்று இளக்காரமாகக் குறிப்பிட்டார். தனி ஆள் தனியாகப் போராடுவதுதான் அவருடைய கனவுப் பந்தயம். ப்ரோக்கோ ரோஷத்தில் அடுத்த ஸ்டேஜை ஜெயித்துக் காட்டினார், ஆனாலும் பந்தயத்தை விட்டு நீக்கப்பட்டார்.

நூறு வருடத்தில் நிலைமை தலைகீழாகிவிட்டது. இன்று டொமெஸ்டீக் இல்லாமல் யாராலும் டூர் டி பிரான்ஸ் ஜெயிக்க முடியாது. காரணம் காற்று.

சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது வீரரின் சக்தியில் பெரும்பகுதி காற்றைக் கிழிக்கவே செலவாகிறது. முன்னால் ஒருவர் போனால், பின்னால் வருகிறவருக்கு அந்தச் செலவு பெரிதும் குறையும். பைக்கில் லாரிக்குப் பின்னால் போனால் காற்று முகத்தில் அடிக்காதே, அதே சமாச்சாரம்தான். 2018இல் ஏரோடைனமிக்ஸ் பேராசிரியர் பெர்ட் ப்ளாக்கனும் அவர் குழுவும் 121 சைக்கிள்கள் கொண்ட ஒரு கூட்டத்தை வைத்து இதை ஆராய்ந்தார்கள். கூட்டத்தின் நடுவிலும் பின்பகுதியிலும் நல்ல இடம் கிடைத்தவருக்குக் காற்றின் எதிர்ப்பு, தனியாக ஓட்டுபவருக்கு இருப்பதில் வெறும் 5 முதல் 10 சதவீதம்தான்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். டூர் டி பிரான்ஸ் என்பது 21 ஸ்டேஜ்கள், மூன்று வாரம், 3,300 கிலோமீட்டருக்கு மேல். இதில் 20 நாட்கள் ஒருவரைக் காற்று படாமல் பொத்திப் பொத்திக் கொண்டுவந்து, மலையின் கடைசி 5 கிலோமீட்டரில் 'இனி உன் பாடு' என்று இறக்கிவிட முடிந்தால் அவர்தான் ஜெயிப்பார். அந்தப் பொத்தலைச் செய்பவர்தான் டொமெஸ்டீக்.

அவர் செய்யும் வேலைகளின் பட்டியல் இது:

- அணியின் காருக்குப் பின்னோக்கிப் போய், ஜெர்சிக்குள் தண்ணீர் பாட்டில்களைத் திணித்துக்கொண்டு, மறுபடி கூட்டத்தைத் துரத்திப் பிடித்து எல்லோருக்கும் கொடுப்பது.
- கேப்டனின் டயர் பஞ்சரானால் தன் சக்கரத்தையோ முழு சைக்கிளையோ கழற்றிக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்பது.
- கேப்டன் விழுந்தால் காத்திருந்து, காற்றில் தானே முன்னால் நின்று அவரைக் கூட்டத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது.
- முன்னால் ஓடிப்போன எதிரணி வீரர்களைத் துரத்த மணிக்கணக்கில் கூட்டத்தின் முகப்பில் நின்று இழுப்பது.
- தேவைப்பட்டால் தானே முன்னால் ஓடிப்போய், பின்னால் வரப்போகும் கேப்டனுக்காகக் காத்திருப்பது.

இதில் எதுவும் ரிசல்ட் ஷீட்டில் வராது. வேலை முடிந்ததும் டொமெஸ்டீக் ஒதுங்கிக்கொள்வார். மலையில் மெதுவாக ஏறி அரை மணி நேரம் கழித்து வந்து சேர்வார். ஷீட்டில் '112வது இடம், 28 நிமிடம் பின்னால்' என்பதுபோல ஒரு வரி மட்டும் இருக்கும். பார்ப்பவர்கள் 'சொதப்பிட்டாரு போல' என்று நினைப்பார்கள். உண்மையில் அன்று அவர் தன் வேலையை நூற்றுக்கு நூறு செய்திருக்கலாம்.

சரி, பணம்? சர்வதேச சைக்கிள் சம்மேளனத்தின் ரேங்கிங் புள்ளிகள் முன்னால் வருகிறவர்களுக்கு மட்டும்தான். உதவியவருக்குப் பூஜ்யம். ஆனால் பரிசுத் தொகையில் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. டூர் சாம்பியனுக்குக் கிடைப்பது இப்போது 5 லட்சம் யூரோ. அதை அவர் தன் பையில் போட்டுக்கொள்வதில்லை, அணி வீரர்களோடும் உதவி ஊழியர்களோடும் பகிர்ந்துகொள்கிறார். தனி ஆள் ஜெயித்ததாக அறிவிக்கப்படும் விளையாட்டில், அது தனி ஆள் வேலை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும் என்பதற்கு இதுவே அத்தாட்சி.

2006: பட்டியலில் ஒரு பெயர்

பவுலின்யோவின் கெரியர் ஏறக்குறைய முடிந்தே போயிருக்க வேண்டிய வருடம் 2006.

அந்த வருடம் மே மாதம் ஸ்பெயின் போலீஸ் 'ஆப்பரேஷன் புவெர்ட்டோ' என்ற ஊக்கமருந்து விசாரணையில் இறங்கியது. மாட்ரிட்டில் எஃபெமியானோ ஃபுவென்டெஸ் என்ற மருத்துவர் நடத்திய ரத்த ஊக்க மோசடிதான் குறி. கைதானவர்களில் ஒருவர் லிபர்ட்டி செகுரோஸ் அணியின் மேலாளர் மனோலோ சாயிஸ். ஸ்பான்சர் கையைக் கழுவிக்கொண்டது. கஜகஸ்தான் வீரரான வினோகுரோவின் முயற்சியில் அந்த நாட்டு நிறுவனங்கள் பணம் போட்டு, அஸ்தானா என்ற பெயரில் அணியைக் காப்பாற்றின.

டூர் டி பிரான்ஸ் ஜூலை 1 அன்று ஸ்ட்ராஸ்பூர்க்கில் தொடங்க இருந்தது. அதற்கு முந்தைய நாள், விசாரணைக் கோப்புகளில் பெயர் அடிபட்ட வீரர்கள் ஓட்டக் கூடாது என்று முடிவானது. அஸ்தானாவின் 9 பேரில் 5 பேர் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். ஹொசேபா பெலோகி, ஆலன் டேவிஸ், இசிட்ரோ நோசால், அப்போது இளம் வீரராக இருந்த கான்டடோர், பவுலின்யோ.

மிச்சம் 4 பேர். தொடங்கவே குறைந்தது 6 பேர் வேண்டும் என்பது விதி. எந்தப் பட்டியலிலும் இல்லாத வினோகுரோவ் உட்பட மொத்த அணியும் வீட்டுக்குக் கிளம்பியது.

டூர் ஜூலை 23 அன்று முடிந்தது. மூன்றே நாட்களில், ஜூலை 26 அன்று, இந்த 5 பேர் மீதும் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை, எந்தச் சட்ட நடவடிக்கையும் இல்லை என்று ஸ்பெயின் நீதித் துறையிடமிருந்து எழுத்துப்பூர்வமாகக் கடிதம் வந்தது. ஆனால் போன டூர் போனதுதான்.

அடுத்து வந்தது ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்டா. வினோகுரோவ் கேப்டன், பவுலின்யோ அவருடைய உதவியாளர்களில் ஒருவர். 10வது ஸ்டேஜில், அவிலேஸிலிருந்து சாந்தில்லானா தெல் மார் வரையிலான பாதையில், முன்னால் ஓடிப்போன கூட்டத்திலிருந்து ஜெயித்தவர் பவுலின்யோ. பந்தயத்தின் ஒட்டுமொத்த சாம்பியன் வினோகுரோவ்.

ஒரே அணி, இரண்டு கேப்டன்கள்: 2009

ஆபீஸில் இரண்டு மேனேஜர்களுக்கு ஒரே நேரத்தில் ரிப்போர்ட் பண்ணியவர்களுக்கு அடுத்த கதை எளிதாகப் புரியும்.

2009இல் அஸ்தானாவின் கேப்டன் கான்டடோர். ஏற்கெனவே டூர், ஜிரோ, வுவெல்டா மூன்றையும் ஜெயித்தவர். அந்த வருடம் ஓய்விலிருந்து திரும்பி வந்த ஆம்ஸ்ட்ராங்கும் அதே அணியில் சேர்ந்தார். இருவருமே டூர் ஜெயிக்கத்தான் வந்திருந்தார்கள். டூருக்குத் தேர்வான 9 பேரில் பவுலின்யோவும் ஒருவர்.

மூன்றாவது ஸ்டேஜிலேயே பிரச்சினை வெடித்தது. பக்கவாட்டுக் காற்றில் கூட்டம் இரண்டாக உடைந்தது. முன் கூட்டத்தில் ஆம்ஸ்ட்ராங், பின் கூட்டத்தில் கான்டடோர். முன்னால் இருந்த அஸ்தானா வீரர்கள் போப்போவிச்சும் சுபெல்டியாவும் வேகத்தைக் கூட்டி இழுத்தார்கள். அதாவது தங்கள் சொந்த அணியின் கேப்டனுக்கு எதிராகவே. அன்று கான்டடோர் இழந்தது 41 விநாடி.

டொமெஸ்டீக்கின் வேலையில் ஓட்டுவதைவிடச் சிக்கலான பகுதி இதுதான். யார் சொல்வதைக் கேட்பது? ரேடியோவில் மேலாளர் சொல்வதையா? ஒப்பந்தப்படி கேப்டனாக இருப்பவரையா? அடுத்த வருடம் வேலை தரப்போகிறவரையா? மூன்றும் வேறு வேறு ஆட்களாக இருந்தால்?

கடைசியில் மலைகளில் கான்டடோர் தன் கால்களை நம்பிக் கணக்கை முடித்தார். அவர் சாம்பியன், ஆம்ஸ்ட்ராங் மூன்றாவது இடம். ஆனால் சீசன் முடிந்ததும் அணி பிளந்தது. ஆம்ஸ்ட்ராங்கும் மேலாளர் யோஹான் ப்ருய்னீலும் ரேடியோஷாக் என்ற புதிய அணியைத் தொடங்க, அஸ்தானா வீரர்களில் பெரும்பாலானோர் அங்கே போனார்கள். பவுலின்யோவும் போனார். கான்டடோர் அஸ்தானாவிலேயே தங்கினார்.

அந்த ஒரு நாள்: 2010 ஜூலை 14

உதவியாளர் எப்போது தனக்காக ஓட்டலாம்? பெரும்பாலும் கேப்டன் தோற்ற பிறகு.

2010 டூரின் 8வது ஸ்டேஜில் ஆம்ஸ்ட்ராங் கீழே விழுந்தார். அன்று மட்டும் கிட்டத்தட்ட 12 நிமிடம் பின்தங்கினார். அவருடைய கடைசி டூர் கனவு அங்கேயே முடிந்தது. அவருக்காக வேலை செய்ய வந்த சிலருக்கு எதிர்பாராத சுதந்திரம் கிடைத்தது.

இரண்டு நாள் பந்தயம் கழித்து 10வது ஸ்டேஜ். சாம்பெரி நகரிலிருந்து காப் நகருக்கு, ஆல்ப்ஸ் மலைகள் வழியாக 179 கிலோமீட்டர். ஜூலை 14, பிரான்ஸின் தேசிய தினம். அன்று பிரெஞ்சு வீரர்கள் எல்லோருக்கும் ஜெயிக்க ஆசை இருக்கும். முந்தைய நாள் கடும் மலைப் பந்தயத்தில் களைத்திருந்த பெரிய தலைகளுக்கோ 'யாராவது போகட்டும், விடு' என்ற மனநிலை.

ஆறு பேர் முன்னால் போனார்கள், அதில் பவுலின்யோவும் ஒருவர். முன்னால் போன யாரும் ஒட்டுமொத்தப் பட்டியலில் ஆபத்தானவர் இல்லை என்பதால் மஞ்சள் ஜெர்சியில் இருந்த ஆண்டி ஷ்லெக்கின் அணி துரத்தவில்லை. இடைவெளி 10 நிமிடத்தைத் தாண்டியது.

முடிவுக்குச் சில கிலோமீட்டர் இருக்கும்போது பவுலின்யோவும் பெலாரஸின் வசில் கிரியென்காவும் மற்ற நால்வரைக் கழற்றிவிட்டார்கள். கிரியென்கா லேசுப்பட்ட ஆள் இல்லை. பின்னாளில், 2015இல், டைம் ட்ரயல் உலக சாம்பியன் ஆனவர்.

இருவர் மட்டும் மிஞ்சும்போது அது ஒரு சதுரங்க ஆட்டம். யார் முன்னால் போகிறாரோ அவர் காற்றை வாங்குகிறார், பின்னால் இருப்பவர் அதை மிச்சம் பிடிக்கிறார். ஆனால் இருவரும் சேர்ந்து இழுக்காவிட்டால் பின்னால் வருகிறவர்கள் பிடித்துவிடுவார்கள். கடைசி மீட்டர்கள் வரை தோளோடு தோள். கோட்டில் பவுலின்யோவின் சக்கரம் நூலிழையில் முன்னால் இருந்தது. முக்கியக் கூட்டம் வந்து சேர்ந்தது 14 நிமிடங்களுக்கும் மேல் கழித்து.

ஏதென்ஸில் இருவர் ஸ்பிரிண்டில் தோற்றவர், 6 வருடம் கழித்து இன்னொரு இருவர் ஸ்பிரிண்டில் ஜெயித்தார். 1989இல் அகாசியோ டா சில்வாவுக்குப் பிறகு, 21 வருடம் கழித்து டூரில் ஒரு போர்ச்சுகல் வீரரின் ஸ்டேஜ் வெற்றி அது.

மறுநாள் மறுபடியும் அணி வேலைதான்.

ஃபுவென்டே தே: டொமெஸ்டீக்கின் வேலையை டிவியில் பார்த்த நாள்

பவுலின்யோ செய்த வேலையின் மதிப்பு என்ன என்று ஒரே ஒரு நாளை வைத்துச் சொல்லச் சொன்னால், நான் தேர்வு செய்வது காப் வெற்றியை அல்ல. 2012 செப்டம்பர் 5ஐ.

2012இல் அவர் சாக்ஸோ பேங்க் அணிக்கு மாறினார். அங்கே கேப்டன் மறுபடியும் கான்டடோர். ஆனால் நிலைமை வேறு. 2010 டூரில் எடுத்த சோதனையில் கான்டடோரின் உடலில் க்ளென்புட்டெரால் என்ற தடை செய்யப்பட்ட மருந்து இருந்தது தெரிந்து, 2012 பிப்ரவரியில் விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் அவருக்கு இரண்டு வருடத் தடை விதித்தது. 2010 டூர், 2011 ஜிரோ பட்டங்கள் பறிபோயின. தடை முன்தேதியிட்டுக் கணக்கிடப்பட்டதால் ஆகஸ்டில் திரும்பி வந்தார். வந்த உடனே வுவெல்டா.

16 ஸ்டேஜ் முடிவில் முதலிடத்தில் ஹோவாகின் ரோட்ரிகெஸ். கான்டடோர் 28 விநாடி பின்னால். செங்குத்தான மலைகளில் ரோட்ரிகெஸை அசைக்கவே முடியவில்லை. 17வது ஸ்டேஜ், சாந்தாந்தரிலிருந்து ஃபுவென்டே தே வரை. கடைசி ஏற்றம் அவ்வளவு செங்குத்து இல்லை. 'இங்கே பெரிய வித்தியாசம் எதுவும் வராது' என்பதுதான் பொதுவான கணிப்பு.

ஆனால் சரிவு குறைவு என்றால் வேகம் அதிகம். வேகம் அதிகம் என்றால் காற்று முக்கியம். காற்று முக்கியம் என்றால் கூட ஆள் வேண்டும். சாக்ஸோ பேங்க் அணி இதைத்தான் பயன்படுத்தியது.

முடிவுக்குச் சுமார் 50 கிலோமீட்டர் இருக்கும்போது, இரண்டாம் தர ஏற்றமான கொயாதோ லா ஓஸில் கான்டடோர் தாக்கினார். தனியாக அவ்வளவு தூரம் போவது தற்கொலை முயற்சி மாதிரி. ஆனால் முன்னால் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த கூட்டத்தில் அவர் அணியின் ஹெசுஸ் ஹெர்னாண்டெஸும் பவுலின்யோவும் இருந்தார்கள். கான்டடோர் அவர்களை எட்டிப் பிடித்ததும் இருவரும் தங்களிடம் இருந்த எல்லாவற்றையும் காலி செய்து இழுத்தார்கள். அவர்கள் ஓய்ந்த பிறகு, பழைய அணித் தோழர் பாவ்லோ திரலோங்கோ கொஞ்ச தூரம் துணை வந்தார். கடைசியில் கான்டடோர் தனியாகப் போய் ஜெயித்தார்.

ரோட்ரிகெஸ் அன்று இழந்தது 2 நிமிடம் 38 விநாடி. வுவெல்டா அன்றே முடிவாகிவிட்டது. அந்த ஸ்டேஜின் வெற்றியாளர் பெயராக எல்லாப் பட்டியலிலும் இருப்பது கான்டடோர் மட்டும்தான்.

கேப்டனின் ரிசல்ட் அழிந்தால், உதவியவரின் உழைப்பு என்ன ஆகும்?

இந்தக் கேள்விதான் பவுலின்யோவின் கெரியரை வெறும் 'தியாக உள்ளம்' கதையாக எழுதவிடாமல் தடுக்கிறது.

டொமெஸ்டீக் தன் உழைப்பு முழுவதையும் இன்னொருவரின் கணக்கில் டெபாசிட் செய்கிறார். அந்தக் கணக்கே முடக்கப்பட்டால்?

- ஆம்ஸ்ட்ராங்: 1998 ஆகஸ்ட் 1க்குப் பிறகான எல்லா ரிசல்ட்களும் 2012இல் நீக்கப்பட்டன. பவுலின்யோ உடனிருந்த 2009 டூரின் மூன்றாவது இடமும் அதில் அடக்கம்.
- கான்டடோர்: 2010 டூர், 2011 ஜிரோ பட்டங்கள் பறிப்பு. இந்த இரண்டிலும் பவுலின்யோ அவர் அணியில் இல்லை. 2009 டூர், 2012 வுவெல்டா பட்டங்கள் நிற்கின்றன.
- வினோகுரோவ்: 2007 டூரில் ரத்தமேற்றிய சோதனையில் சிக்கி, அணியே பாதியில் வெளியேறியது. 2006 வுவெல்டா பட்டம் நிற்கிறது.
- ப்ருய்னீல்: அஸ்தானா, ரேடியோஷாக் மேலாளர். இப்போது ஆயுள் தடையில் இருக்கிறார்.

பவுலின்யோ வேலை பார்த்தது ஊக்கமருந்து விவகாரங்கள் சுற்றிச் சுழன்ற அணிகளில். அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விட முடியாது. அதே சமயம், 2006இல் ஒரு பட்டியலில் பெயர் இருந்ததாலேயே ஒரு டூரை இழந்தவர், சில வாரத்தில் எழுத்துப்பூர்வமாக விடுவிக்கப்பட்டவர் என்பதும் பதிவில் இருக்கிறது. ஏதென்ஸ் வெள்ளி, 2006 வுவெல்டா ஸ்டேஜ், 2010 டூர் ஸ்டேஜ் மூன்றும் இன்றுவரை அப்படியே இருக்கின்றன.

மோட்டார் சைக்கிளும் கடைசி வருடங்களும்

2015 வுவெல்டாவில், அந்தோராவின் மலைகளில் நடந்த 11வது ஸ்டேஜில், பந்தயத்தைப் படம்பிடித்துக்கொண்டு வந்த டிவி மோட்டார் சைக்கிள் பவுலின்யோ மீது மோதியது. காலில் 17 தையல். பந்தயத்தை விட்டு விலக வேண்டியதாயிற்று. அதே வுவெல்டாவில் மூன்று ஸ்டேஜ்களுக்கு முன்புதான் அவருடைய அணித் தோழர் பீட்டர் சாகன் மீதும் ஒரு மோட்டார் சைக்கிள் மோதியிருந்தது.

பந்தயச் சாலையில் வீரர்களுக்கு நடுவே கேமரா, நடுவர், போலீஸ் என்று டஜன் கணக்கில் வண்டிகள் ஓடுகின்றன. அதில் உள்ள ஆபத்து எவ்வளவு பெரியது என்பது அடுத்த மார்ச்சில் தெரிந்தது. பெல்ஜியத்தின் கென்ட்-வெவெல்கெம் பந்தயத்தில் கீழே விழுந்த ஆன்ட்வான் தெமோத்தியே மீது மோட்டார் சைக்கிள் மோதி அவர் உயிரிழந்தார்.

2016 முடிவில் டின்காஃப் அணி மூடப்பட்டது. 36 வயதில் பவுலின்யோ போர்ச்சுகலுக்குத் திரும்பி, உள்நாட்டு அணியான எஃபாபெலில் சேர்ந்தார். எங்கே தொடங்கினாரோ அந்த வட்டாரப் பந்தயங்களிலேயே கெரியரின் கடைசிப் பகுதியை ஓட்டினார்.

போர்ச்சுகல் சைக்கிள் வரலாற்றில் அவர் இடம் எது?

அந்த நாட்டின் மிகப் பெரிய பெயர் ஹோவாகிம் அகோஸ்டின்யோ. 1978, 1979 டூர்களில் மூன்றாவது இடம், 1979இல் ஆல்ப் டியூஸ் மலையில் வெற்றி. 1984இல் ஒரு பந்தயத்தில் நாய் குறுக்கே வந்து விழுந்த காயத்தால் இறந்துபோனார். அடுத்த தலைமுறையில் டூரின் மஞ்சள் ஜெர்சி அணிந்த அகாசியோ டா சில்வா. பிறகு ஹோசே அசெவெடோ, 2004 டூரில் 5வது இடம் வந்தவர். அவரும் ஆம்ஸ்ட்ராங்கின் உதவியாளராகவே ஓட்டியவர்.

பவுலின்யோவுக்குப் பின் வந்த ருய் கோஸ்டா 2013இல் ஃப்ளாரன்ஸில் உலக சாம்பியன் ஆனார், போர்ச்சுகலுக்கு அதுவே முதல் முறை. இன்று ஜாவோ அல்மெய்டா கிராண்ட் டூர்களில் மேடை ஏறுகிறார். இந்த வரிசையில் பவுலின்யோவின் பெயர் கொஞ்சம் சின்ன எழுத்தில்தான் இருக்கும்.

ஆனால் இன்னொரு பட்டியலும் இருக்கிறது. டூரில் அணிகளுக்கென்று தனி வகைப்பாடு உண்டு. ஒவ்வொரு ஸ்டேஜிலும் அணியின் முதல் மூன்று பேரின் நேரத்தைக் கூட்டிக் கணக்கிடுவார்கள். 2009இல் அஸ்தானா, 2010இல் ரேடியோஷாக், 2013இல் சாக்ஸோ-டின்காஃப் அதில் முதலிடம் பிடித்து பாரிஸில் மேடை ஏறின. மூன்று வெவ்வேறு அணிகள். மூன்றின் டூர் பட்டியலிலும் இருந்தவர் பவுலின்யோ.

அடுத்த ஜூலையில் டூர் டி பிரான்ஸ் பார்க்க உட்கார்ந்தால், மஞ்சள் ஜெர்சிக்கு நேர் முன்னால் காற்றை வாங்கிக்கொண்டு போகிறவரைக் கொஞ்சம் கவனியுங்கள். கடைசி 5 கிலோமீட்டரில் அவர் திடீரென்று ஒதுங்கிக் காணாமல் போவார். கேமரா அவரைத் தொடராது. அரை மணி நேரம் கழித்து அவர் கோட்டைத் தாண்டும்போது, மேடையில் கேப்டனுக்குப் பூங்கொத்து கொடுத்து முடித்திருப்பார்கள்.